பத்தொன்பது வயதில் உலக சாம்பியன், அப்புறம்?

20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகத் தடகள சாம்பியன்ஷிப் (ஜூனியர் உலகப் போட்டி என்றும் சொல்வார்கள்) பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒரு கேள்வியில் சேர்த்திருக்கிறேன். பலர் கேட்டுக்கொண்டபடி யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: என் மகனுக்குப் போன மாதம்தான் 17 முடிந்தது, 400 மீட்டர் ஓடுகிறான். இந்தப் போட்டிக்கு எந்தத் தேதியை வைத்து வயதைக் கணக்கிடுகிறார்கள்? எத்தனை முறை கலந்துகொள்ளலாம்?

பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை, பிறந்த வருடம்தான் கணக்கு. போட்டி நடக்கிற வருடத்தின் டிசம்பர் 31 அன்று 16 நிறைந்திருக்க வேண்டும், 20 நிறைந்திருக்கக் கூடாது. அமெரிக்காவின் யூஜீன் நகரத்துக்குக் கொடுத்திருக்கும் 2026 போட்டிக்கு 2007 முதல் 2010 வரை பிறந்தவர்கள் போகலாம்.

மகன் எந்த வருடம் பிறந்தவர் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அதில்தான் விஷயமே இருக்கிறது. 1986இல் ஏதென்ஸில் தொடங்கியதிலிருந்து இந்தப் போட்டி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இரட்டைப்படை வருடங்களில் நடந்து வந்திருக்கிறது (நைரோபி மட்டும் கொரோனாவால் 2020இலிருந்து 2021க்குத் தள்ளிப்போனது). இந்தக் கணக்கில் ஒற்றைப்படை வருடத்தில் பிறந்த பிள்ளைக்கு 17, 19 என்ற வயதுகளில் வாய்ப்பு வரும், இரட்டைப்படையில் பிறந்த பிள்ளைக்கு 16, 18 என்ற வயதுகளில் வரும். அந்த வயதில் ஒரு வருடம் என்பது தோள், தொடை, மூச்சு எல்லாவற்றிலும் தெரியும். அதனால் இரண்டாம் வகைப் பிள்ளைகளின் நேரத்தையோ தூரத்தையோ அப்படியே மற்றவர்களோடு வைத்து ஒப்பிடாதீர்கள். அப்புறம், ஒரு நாட்டிலிருந்து ஒரு பந்தயத்தில் இரண்டு பேர்தான் ஓட முடியும், எனவே உள்ளூர்த் தேர்வுப் போட்டியே பல நாடுகளில் கடுமையாக இருக்கும்.

கேள்வி: ஒலிம்பிக்ஸ் இருக்கும்போது சின்னப் பசங்க போட்டியை எதற்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும்?

2002இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இதே போட்டி நடந்தது. ஆண்கள் 200 மீட்டர் இறுதிக்கு வந்தவர்களில் ஓர் உள்ளூர்ப் பையன், 16 முடிய இன்னும் ஒரு மாதம் பாக்கி. நிரம்பி வழிந்த மைதானம் மொத்தமும் தன் பெயரைச் சொல்லிக் கத்துவதைக் கேட்டு, பயத்தில் இடது கால் ஸ்பைக்ஸை வலது காலிலும் வலது கால் ஸ்பைக்ஸை இடது காலிலும் மாட்டிக்கொண்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அப்புறம் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டு ஓடி 20.61 விநாடியில் தங்கம் வாங்கினார். அவர்தான் உசேன் போல்ட். தன்னைவிட மூன்று வயது மூத்தவர்களை அந்த வயதில் முந்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஒருமுறையாவது பள்ளிப் போட்டியில் ஓடியவர்களுக்குத் தெரியும்.

நான் இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் நாளைய நட்சத்திரத்தை முன்கூட்டியே அடையாளம் காணலாம் என்பது இல்லை, அது பெரும்பாலும் தவறிப்போகும். பெரியவர்களின் போட்டியில் ஓட்டக்காரர் தன் முகத்தை மறைக்கக் கற்றிருப்பார், இங்கே எல்லாமே வெளியே தெரியும். கடைசி 100 மீட்டரில் கால் கனத்துப்போன பையன் பக்கத்து லேனைத் திரும்பிப் பார்ப்பான், ரிலேயில் பேட்டன் வாங்க வேண்டிய பெண் அரை விநாடி முன்னால் கிளம்பிவிட்டு நடுங்கும் கையைப் பின்னால் நீட்டுவாள். ஓட்டம் என்றால் என்ன என்பதை இவ்வளவு பக்கத்தில் பார்க்க வேறு இடம் கிடையாது.

கேள்வி: இந்தப் போட்டியில் குண்டு, வட்டு எல்லாம் எடை குறைவு என்கிறார்களே, உண்மையா?

ஆண்களுக்கு மட்டும். குண்டும் சங்கிலிக் குண்டும் 6 கிலோ, பெரியவர்களுக்கு 7.26. வட்டு 1.75 கிலோ, பெரியவர்களுக்கு 2. 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தடையின் உயரம் ஏறக்குறைய 99 சென்டிமீட்டர், பெரியவர்களுக்கு 106.7. பெண்களுக்கு எல்லாமே பெரியவர்களுக்கு உள்ளதுதான். ஆண்கள் ஈட்டியிலும் மாற்றமில்லை, அதே 800 கிராம். இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நீரஜ் சோப்ரா 2016இல் ஜூனியர் உலக சாம்பியன் ஆகியும் ரியோ ஒலிம்பிக்ஸுக்கு ஏன் போகவில்லை?

தேதிதான் காரணம். ரியோவுக்கான தகுதித் தூரம் 83 மீட்டர், அதை எட்டுவதற்கான கடைசி நாள் ஜூலை 11. அதற்கு முன் அந்த வருடத்தில் அவருடைய சிறந்த எறி 82.23, அதாவது ஒரு மீட்டர்கூட இல்லை, 77 சென்டிமீட்டர் குறைவு. ஜூலை 23 அன்று போலந்தின் பிட்கோஷ்ச் நகரில் 86.48 மீட்டர் எறிந்தார். அதற்கு முன்பிருந்த 20 வயதுக்கு உட்பட்டோர் உலக சாதனை 84.69, அதைக் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் தாண்டிய எறி. ஆனால் பன்னிரண்டு நாள் தாமதம்.

பெரியவர்கள் எறியும் அதே எடை ஈட்டி என்பதால் நேராகவே ஒப்பிடலாம். அடுத்த மாதம் ரியோவில் வெண்கலம் வாங்கிய தூரம் 85.38. அந்த வெண்கலத்தை வாங்கியவர் டிரினிடாட் டொபாகோவின் கெஷோர்ன் வால்கட். 2012 ஜூலையில் பார்சிலோனாவில் ஜூனியர் உலக சாம்பியன், ஒரு மாதம் கழித்து லண்டனில் ஒலிம்பிக் தங்கம், அப்போது அவருக்கு வயது 19. ஆக, இந்தப் போட்டியின் ஈட்டி மேடையை யாரும் குழந்தைகள் மேடை என்று நினைக்க வேண்டாம். நீரஜ் அன்று வீட்டில் உட்கார்ந்து ரியோவைப் பார்த்தது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் டோக்கியோவில் 87.58 எறிவதற்கு முன் அவருக்குக் கிடைத்த அந்த ஐந்து வருடத்தை நான் நஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன்.

கேள்வி: 2018இல் 100 மீட்டரை ஓரமாக இருந்த லேனில் ஓடி ஜெயித்த இந்தோனேசியப் பையனுக்குக் கொடியே கிடைக்கவில்லையாமே? ஓர லேன் கொடுத்தது பாரபட்சமா?

பாரபட்சம் இல்லை. அரையிறுதியில் நன்றாக ஓடியவர்களுக்கு நடு லேன்கள், மற்றவர்களுக்கு ஓரம், எல்லாப் போட்டியிலும் அதுதான் விதி. லாலு முகமது சோரி 8ஆவது லேனில் ஓடினார் என்றால் அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று அர்த்தம். 10.18இல் முதலாவதாக வந்தார். இரண்டாவது மூன்றாவது வந்த அமெரிக்கர்கள் தங்கள் கொடியைப் போர்த்திக்கொண்டு போட்டோவுக்கு நிற்க, இவர் கையை வீசிக்கொண்டு கொடிக்காகக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. ஃபின்லாந்தின் டாம்பெரே நகரில் எடுத்த அந்த வீடியோ கிடைத்தால் பாருங்கள், கோட்டைத் தாண்டியதும் அவர் முகத்தில் சந்தோஷத்துக்கு முன்னால் வருவது ஆச்சரியம்தான்.

கேள்வி: நைரோபியில் நீளம் தாண்டுதலில் ஷைலி சிங் ஒரே ஒரு சென்டிமீட்டரில் தங்கத்தை இழந்தார் என்று படித்தேன். ஒரு சென்டிமீட்டரை எப்படி அவ்வளவு துல்லியமாக அளக்க முடியும்?

அளப்பதில் சிக்கலே இல்லை. ஸ்வீடனின் மாயா ஆஸ்காக் 6.60, ஷைலி 6.59. விஷயம் எங்கே இருக்கிறது என்றால், கால் எங்கே ஊன்றியதோ அங்கிருந்து அளப்பதில்லை. காலை ஊன்றி எழும்புவதற்கான பலகையின் மணல்குழிப் பக்க விளிம்பிலிருந்துதான் அளக்கிறார்கள். பலகையின் அகலம் 20 சென்டிமீட்டர். விளிம்புக்கு எட்டு சென்டிமீட்டர் முன்னாலேயே கால் எழும்பிவிட்டால் அந்த எட்டும் போச்சு. எதிர்முனையில், மணலில் கடைசியாக விழும் தடயத்தைப் பார்ப்பதில்லை, பலகைக்கு மிக அருகே எந்தத் தடயம் பதிந்திருக்கிறதோ அதுதான் கணக்கு, அது பின்னால் சரிந்து ஊன்றிய ஒரு கையாகக்கூட இருக்கலாம். நீளம் தாண்டுபவர்கள் ஓடிவரும் அடிகளைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பழகுவது இதற்காகத்தான். ஷைலிக்கு அப்போது 17 வயது, வெள்ளியோடு அவர் கண்கலங்கி நின்றதைப் பார்த்தபோது எனக்கும் தாங்கவில்லை.

கேள்வி: ஹீமா தாஸ் 2018இல் தங்கம் வாங்கியபோது எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதோம். அப்புறம் அவர் ஒலிம்பிக்ஸ் பக்கமே வரவில்லை. ஜூனியரில் ஜெயிப்பவர்கள் ஏன் இப்படிக் காணாமல் போகிறார்கள்? திறமை போதவில்லையா, உழைப்பு போதவில்லையா?

முதலில் ஹீமா. 2018 ஜூலை 12, 400 மீட்டர், கடைசி நேர்ப்பாதையில் நுழையும்போது அவர் முன்னணியில் இல்லை. அங்கிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி 51.46இல் முடித்தார். உலக அளவிலான போட்டியில் ஓடுதளத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அடுத்த மாதமே ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பெரியவர்களோடு ஓடி 50.79இல் தேசிய சாதனையோடு வெள்ளி. அப்புறம் முதுகு வலி. 400 மீட்டரை விட்டுக் குறைந்த தூரங்களுக்கு மாறினார், டோக்கியோவுக்கு முன் தொடைத் தசையில் காயம். இதில் உழைப்பு எங்கே குறைந்தது? தயவுசெய்து அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள்.

காரணம் ஒன்றல்ல. முதலாவது, உடல் சீக்கிரம் முதிர்வது. 17 வயதில் 20 வயது உடல் இருக்கும் பையன் ஜூனியரில் எல்லோரையும் அடிப்பான், 22 வயதில் மற்றவர்களும் அந்த உடலுக்கு வந்துவிடுவார்கள், அவனிடம் கூடுதலாக எதுவும் மிஞ்சாது. அவன் பின்தங்கவில்லை, மற்றவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். இதோடு வயதைக் குறைத்துக் காட்டும் மோசடியும் கலந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறார்கள். ஆனால் எலும்பின் வளர்ச்சிப் பகுதிகள் 18 வாக்கில் பெரும்பாலும் மூடிக்கொள்வதால் 15 வயதா 18 வயதா என்று பிரிக்க உதவும் அந்தச் சோதனை, 19ஆ 21ஆ என்பதற்கு அவ்வளவாக உதவாது. மோசடி செய்தவரைவிட, அவரால் நான்காவதாக வந்துவிட்டு ஓடுவதையே நிறுத்திய உண்மையான 18 வயதுப் பிள்ளைதான் என் கண்ணில் நிற்கிறது.

இரண்டாவது, அவசரம். பெரியவர்களுக்கான பயிற்சியின் தீவிரத்தை 16 வயதில் கொடுத்தால் பலன் உடனே தெரியும், அதுதான் ஆபத்து. நேரம் குறையும், பதக்கம் வரும், கோச்சுக்குப் பெயர் வரும், அப்புறம் கூட்டுவதற்கு எதுவும் இருக்காது, தசைநாரும் எலும்பும் மட்டும் தேய்ந்துகொண்டே வரும். எல்லாம் நன்றாகப் போனாலும்கூட உடல் சில நேரம் மறுத்துவிடும். 2022இல் கொலம்பியாவின் காலி நகரில் மும்முறைத் தாண்டுதலில் தமிழ்நாட்டின் செல்வ பிரபு திருமாறன் 16.15 மீட்டரில் வெள்ளி வாங்கினாரே, அங்கே 17.27இல் தங்கம் வாங்கியவர் ஜமைக்காவின் ஜெய்டன் ஹிப்பர்ட். அடுத்த வருடமே 17.87 தாண்டினார், புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் எல்லோரும் அவரைத்தான் எதிர்பார்த்தார்கள், இறுதிச் சுற்றின் முதல் முயற்சியிலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் நான்காவது. அவருக்கு இன்னும் நிறைய வருடங்கள் இருக்கின்றன.

மூன்றாவது நம்மைப் பற்றியது. 18 வயதுப் பிள்ளையை உலக சாம்பியன் என்று கூப்பிட ஆரம்பித்ததும் அடுத்த வருடம் அது ஆறாவதாக வந்தால் தோல்வி என்று எழுதுகிறோம். போல்ட்டே 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் 200 மீட்டர் முதல் சுற்றிலேயே வெளியேறினார். கிங்ஸ்டனிலிருந்து பெய்ஜிங் தங்கம் வரை ஆறு வருடம் ஆனது. போட்ஸ்வானாவின் லெட்சிலே டெபோகோ 2021, 2022 இரண்டு ஜூனியர் போட்டிகளிலும் 100 மீட்டரில் தங்கம் வாங்கினார், ஆனால் 200இல் இரண்டு முறையும் வெள்ளிதான், காலியில் முதலாவது வந்தவருக்கும் இவருக்கும் ஒரே நேரம், 19.96, ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்துத்தான் பிரித்தார்கள். பாரிஸில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியது அந்த 200இல்தான். சீனாவின் லியூ சியாங் 2000 ஜூனியர் போட்டியில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் நான்காவது, நான்கு வருடம் கழித்து ஒலிம்பிக் சாம்பியன். இன்னொரு பக்கம் ஹைலே கெப்ரெசெலாசி 1992இல் சியோலில் 5000, 10000 இரண்டையும் ஜெயித்துவிட்டு அப்படியே மேலே போய்க்கொண்டே இருந்தார். அதனால் ஜூனியர் பதக்கப் பட்டியலை வைத்து யார் வருவார், யார் போவார் என்று எழுதுவதை நான் நிறுத்திப் பல வருடமாகிறது. அந்தப் பிள்ளைக்கு அடுத்த மூன்று வருடம் நல்ல கோச்சும் பிசியோவும் படிப்பும் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. 3000 மீட்டரில் நல்ல நேரம் எடுத்ததிலிருந்து பயிற்சி கூடிவிட்டது, எடை குறைந்தால் இன்னும் வேகம் வரும் என்று கோச் சொல்கிறார். நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. ஓடுகிற பெண்களுக்கு இது சகஜம் என்கிறார்கள். விட்டுவிடலாமா?

விடக் கூடாது. இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், முடிந்தால் விளையாட்டு மருத்துவம் தெரிந்தவரிடம்.

பல பேருக்கு வருகிறது என்பதால் அது சரியாகிவிடாது. உடம்பு செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்றால் உடம்பு அவசரமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும், முதலில் நிற்பதில் ஒன்று மாதவிடாய். அதோடு ஈஸ்ட்ரோஜன் குறையும், ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பில் சத்து சேர்வது குறையும். ஒரு பெண்ணின் எலும்பு வாழ்நாள் முழுவதற்குமான பலத்தைச் சேர்த்துக்கொள்வது இந்தப் பதின்வயதில்தான். அப்புறம் ஒருநாள் முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரலை வைத்து அழுத்தினால் ஒரே ஒரு இடத்தில் சுரீரென்று வலிக்கும், மெல்லிய விரிசல் விழுந்திருக்கும். எடை குறைந்ததும் முதல் சில மாதம் நேரம் குறையத்தான் செய்யும், அதைப் பார்த்துத்தான் கோச்சுகள் ஏமாறுகிறார்கள்.

டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை பயிற்சியைக் குறையுங்கள், மூன்று வேளையும் பயிற்சி முடிந்த உடனேயும் வயிறாரச் சாப்பிட வையுங்கள். மற்ற காரணங்களும் இருக்கலாம், சோதித்தால் தெரிந்துவிடும். கோச்சிடம் சண்டை வேண்டாம், ஆனால் எடையைப் பற்றி மகளிடம் இனி பேசக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மகளிடம் கேட்கும்போது நேரத்தைப் பற்றி எதுவும் கேட்காமல் தூக்கம் எப்படி, பசிக்கிறதா, எங்கேயாவது வலிக்கிறதா என்று கேளுங்கள். பல பிள்ளைகள் அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் வாயைத் திறப்பதில்லை. உங்கள் மகள் உங்களிடம் சொன்னாளே, அதுவே பெரிய விஷயம்.

கேள்வி: போட்டி நேரத்தில் ஜலதோஷம் பிடித்தால் சாதாரண மாத்திரை போடலாமா?

கேட்காமல் போடாதீர்கள். 2000இல் சிலியின் சாண்டியாகோவில் நடந்த ஜூனியர் போட்டியில் வட்டு எறிதலில் சீமா அன்டில் தங்கம் வாங்கினார். சோதனையில் சூடோஎஃபெட்ரின் இருந்தது, ஜலதோஷத்துக்காக எடுத்த மருந்து. எச்சரிக்கையோடு விட்டார்கள், ஆனால் தங்கம் போய்விட்டது. 17 வயதுப் பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்! 2002இல் கிங்ஸ்டனுக்குத் திரும்ப வந்து வெண்கலம் வாங்கினார், 2014இல் ஆசிய விளையாட்டில் தங்கம். மூக்கடைப்புக்கான பல மாத்திரைகளில் அந்த மருந்து இருக்கிறது, போட்டி நாட்களில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் இன்றும் குற்றம்தான். அட்டையை எடுத்துக்கொண்டு அணி டாக்டரிடம் போங்கள், புரோட்டீன் பவுடர் டப்பாவையும் கூடவே எடுத்துப் போங்கள்.

கேள்வி: குண்டு எறிகிறேன். தேர்வுப் போட்டியில் நான்காவது வந்ததால் ஜூனியர் உலகப் போட்டிக்குப் போக முடியவில்லை. இந்த வருடத்தோடு வயதும் முடிகிறது. 7.26 கிலோ குண்டை எடுத்தால் தூரம் பரிதாபமாக இருக்கிறது. தொடர்வதில் அர்த்தம் இருக்கிறதா?

தம்பி, இருக்கிறது. 1.26 கிலோ கூடினால் ஒன்றரை, இரண்டு மீட்டர் குறைவது எல்லோருக்கும் நடப்பதுதான், உங்களை முந்திய மூன்று பேருக்கும் இப்போது அதேதான் நடந்துகொண்டிருக்கும். 20 வயதுக்குப் பிறகு நேராகப் பெரியவர்களோடு மோத வேண்டியிருப்பது கொடுமைதான். ஐரோப்பாவில் 1997 முதல் 23 வயதுக்கு உட்பட்டோருக்கென்று தனிப் போட்டி நடத்துகிறார்கள், உலக அளவில் அப்படி ஒன்று இல்லாதது பெரிய குறை என்று நான் பல முறை சொல்லிவிட்டேன். குண்டு எறிபவர்கள் உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் 25க்கு மேல், உங்கள் கையில் ஆறேழு வருடம் இருக்கிறது.

6 கிலோ குண்டை மூட்டை கட்டி வைத்துவிடாதீர்கள், வேகம் அதில்தான் பழகும். வாரத்தில் ஒருநாள் அதை எறியுங்கள், மற்ற நாட்களில் 7.26. கனம் கூடியதும் வலது கால் வட்டத்தின் நடுவில் இறங்கும்போது இடுப்பு தாமதமாகத் திரும்பும், கை மட்டும் முந்திக்கொள்ளும், விரல் நுனியில் வலிக்க ஆரம்பித்தால் அதுதான் நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுத்துக் கோச்சிடம் காட்டுங்கள். முதல் மூன்று மாதம் டேப்பை எடுக்கவே வேண்டாம், அப்புறம் அளந்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.